‘ஆக்சுவல் ஃபைல் அன்டில் தர்ஸ்டே’ என்றால் என்ன?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். போலந்தில் உள்ள ஒரு குழுவோடு சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறதாம். அங்கிருந்து வந்த ஒரு மெயிலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்: “ப்ளீஸ் செண்ட் மீ ஆக்சுவல் ஃபைல் அன்டில் தர்ஸ்டே, ஈவென்சுவலி ஃப்ரைடே மார்னிங்.” நான் இதுவரை அனுப்பியது போலி ஃபைலா? வியாழன் வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா? மனுஷன் கோபமாக இருக்கிறாரா? போலந்துக்காரர்கள் ஆங்கிலத்தில் வழக்கமாக எங்கே தடுக்கி விழுவார்கள்? இவைதான் அவருடைய கேள்விகள்.

அவர் கோபமாக இல்லை, முதலில் நிம்மதியாக இருங்கள். நான் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் ஆறு வருஷம் போலந்துக்காரர்கள் எழுதும் ஆங்கில ஆவணங்களைத் திருத்தும் வேலையில் இருந்தேன். இந்த மாதிரி வரிகள் தினம் பத்தாவது வரும். கொஞ்ச நாளில் எனக்குப் பிடிபட்டது இது: அவர்கள் செய்யும் தவறு ஒவ்வொன்றும் போலிஷில் பிசகே இல்லாத வாக்கியம். சொற்களுக்குத்தான் ஆங்கிலச் சட்டை. உங்கள் மெயிலையும் அப்படியே போலிஷுக்குத் திருப்பிப் பாருங்கள், எல்லாம் தெளிவாகிவிடும்.

‘ஆக்சுவல்’ என்பதற்கு அடியில் இருப்பது ‘அக்துவல்னி’ என்ற போலிஷ் சொல். நடப்பில் உள்ள, கடைசியாகப் புதுப்பித்த என்று பொருள். ‘அக்துவல்னியே’ என்றால் தற்போது. ஆக, அவர் கேட்பது உண்மையான ஃபைலை அல்ல, லேட்டஸ்ட் ஃபைலை. “ஆக்சுவலி ஐ ஒர்க் இன் அ பேங்க்” என்று ஒரு போலந்துக்காரர் சொன்னால், நீங்கள் நினைத்ததை அவர் மறுக்கவில்லை. இப்போதைக்கு பேங்க்கில் வேலை என்கிறார், அவ்வளவுதான்.

‘அன்டில்’ இன்னும் ஆபத்தானது. போலிஷில் ‘தோ’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. வெள்ளி வரை என்பதற்கும் அதுதான், வெள்ளிக்குள் என்பதற்கும் அதுதான். நமக்கு ‘வரை’ வேறு, ‘குள்’ வேறு என்பதால் இந்தக் குழப்பமே வருவதில்லை. ஆங்கிலத்தில் ‘குள்’ளுக்கு ‘பை’, ‘வரை’க்கு ‘அன்டில்’ என்று இரண்டு இருப்பதை அவர்களும் பள்ளியில் படித்திருப்பார்கள். ஆனால் அவசரமாக மெயில் தட்டும்போது விரல் ‘அன்டில்’ பக்கம்தான் போகும். “தி சர்வர் வில் பி ரெடி அன்டில் மண்டே” என்று ஒருமுறை எங்கள் குழுவிலிருந்து ஒரு வரி போனது. திங்களுக்குள் தயாராகிவிடும் என்பது எழுதியவர் கணக்கு. திங்களோடு நின்றுவிடும் என்று படித்த இங்கிலாந்துக்காரர், வார இறுதி முழுக்கத் தகவல்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ‘ஈவென்சுவலி’. போலிஷில் ‘எவென்துவல்னியே’ என்றால் ‘இல்லாவிட்டால்’, ‘தேவைப்பட்டால்’. அவர் உங்களுக்குச் சலுகை தருகிறார்: வியாழனுக்குள் கொடுங்கள், முடியாவிட்டால் வெள்ளி காலையாவது கொடுங்கள் என்று. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கடைசியில், ஒருவழியாக என்று அர்த்தம் என்பதால் தலைகீழாகிவிடுகிறது. ஒப்பந்த வரைவுகளில் இது வரும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ‘ஈவென்சுவல் டேமேஜ்’ என்று எழுதியிருப்பார்கள். ஒருவேளை சேதம் ஏற்பட்டால் என்பது அவர்கள் நினைப்பு. படிக்கிற ஆங்கிலேயருக்கோ, கடைசியில் எப்படியும் வரப்போகிற சேதம் என்று தோன்றும். “உடையும் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டீர்களா?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டே விட்டார்.

இதே சாதிச் சொற்கள் இன்னும் நிறைய. ‘சிம்பதெடிக்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் பழக இனிமையானவர். ‘ஆர்டினரி மேன்’ என்று முகம் சுளித்துச் சொன்னால் சாதாரண மனிதன் இல்லை, பச்சையாகப் பேசுகிறவன். “மை பிரதர் வாஸ் லூனடிக்” என்று ஒரு தோழி சர்வ சாதாரணமாகச் சொன்னபோது நான் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தேன். அண்ணன் சின்ன வயதில் தூக்கத்தில் நடப்பானாம், போலிஷில் அதற்கு ‘லுனாதிக்’. ‘கன்ட்ரோல்’ என்றால் அவர்களுக்குச் சரிபார்ப்பது, ஆகவே “ஐ வில் கன்ட்ரோல் யுவர் ஒர்க்” என்று வந்தால் அதிகாரம் பண்ணுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘கரவான்’ என்றால் சவ ஊர்தி. விடுமுறைக்கு கேரவன் எடுத்துக்கொண்டு போனோம் என்று இங்கிலாந்துக்காரர் சொல்லும்போது போலந்துக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீங்கள் எப்போதாவது அங்கே போனால், ஜாம் பாட்டிலைக் காட்டி இதில் ப்ரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ஆணுறை என்று பொருள்.

ஒரு சொல்லில் இரண்டை அடக்குவதால் வரும் தவறுகள் தனி ரகம். கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் போலிஷில் ஒரே வினைச்சொல். அதனால்தான் “கேன் யூ பாரோ மீ டென் ஸ்வோட்டி?” என்று கை நீட்டுவார்கள் (ஸ்வோட்டி அவர்கள் நாணயம்). கற்பதும் கற்பிப்பதும் ஒரே வேர், எனவே “ஷி லேர்ன்ஸ் மீ இங்கிலீஷ்” வரும். உடம்பைப் பொறுத்தவரை அவர்களும் நம்மைப் போலத்தான். தோளிலிருந்து விரல் வரை ‘ரென்கா’, நமக்குக் கை. இடுப்புக்குக் கீழே எல்லாம் ‘நோகா’, நமக்குக் கால். விரல் எங்கிருந்தாலும் விரல், ‘பாலெட்ஸ்’. கால்விரலில் அடிபட்டதை “ஃபிங்கர் ஆஃப் மை லெக்” என்று ஒருவர் சொன்னபோது அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு, முடி, பணம் மூன்றும் அங்கே பன்மை. ஆகவே “தி டோர் ஆர் ஓப்பன்”, “மணி ஆர் ஆன் தி டேபிள்”. தகவலும் அறிவுரையும் எண்ணக்கூடியவை என்பதால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’. இதில் நாமும் கூட்டாளிகள்தான், அவர்களைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை.

இனி எல்லாரும் முதலில் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். ‘அ’, ‘தி’ இரண்டையும் போலந்துக்காரர்கள் விட்டுவிடுவார்கள், அல்லது பயந்துபோய் எல்லா இடத்திலும் தூவிவிடுவார்கள். போலிஷில் அவை இல்லை, அதனால் வராது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அவை சுமக்கும் பொருள் போலிஷிலும் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. சொல் வரிசையில். ‘மேசையில் கிடக்கிறது புத்தகம்’ என்ற வரிசையில் சொன்னால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகம் மேசையில் கிடக்கிறது’ என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். தெரிந்தது முன்னால், புதியது பின்னால். வேற்றுமை உருபிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. ரொட்டி வாங்கு என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம்: ‘ஹ்லெப்’ என்றால் அந்த ரொட்டி, முழு ரொட்டி. ‘ஹ்லெபா’ என்று ஆறாம் வேற்றுமை மாதிரி ஓர் உருபு சேர்த்தால் கொஞ்சம் ரொட்டி. நமக்கு இது புதிதா என்ன? ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த ஐ உருபுக்குள் ஆங்கிலத்தின் ‘தி’ பாதி உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், திருத்தும்போது இதுதான் கை கொடுத்தது. எங்கள் குழுவில் ஒரு பெண், நல்ல புரோகிராமர், ‘தி’யைக் கண்டாலே நடுங்குவார். விதிகளை மனப்பாடம் செய்து பார்த்தும் பலிக்கவில்லை. ஒருநாள் அவர் எழுதிய பத்தியை எடுத்து, “இதை உங்கள் பாட்டிக்குப் போலிஷில் சொல்லுங்கள், எந்தப் பெயரை வாக்கியத்தின் முன்னால் வைப்பீர்கள்?” என்று கேட்டேன். சொன்னார். முன்னால் வந்தவற்றுக்கெல்லாம் ‘தி’ போட்டோம். பத்தில் எட்டு சரியாக விழுந்தது. மீதி இரண்டு ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம், அதற்கு மனப்பாடம்தான் மருந்து.

காலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போலிஷ் வினைச்சொற்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும். செய்துகொண்டிருப்பதற்கு ஒன்று, செய்து முடிப்பதற்கு ஒன்று. முடிந்ததா இல்லையா என்பதில் மகா துல்லியம். ஆனால் நிகழ்காலம் ஒன்றே ஒன்று. எனவே “ஐ லிவ் ஹியர் சின்ஸ் 2010” என்பார்கள். நாமும் ‘2010லிருந்து இங்கே இருக்கிறேன்’ என்றுதானே சொல்கிறோம். “வென் ஐ வில் கம், ஐ வில் கால்” என்பது அவர்கள் மொழியில் இரண்டு பக்கமும் எதிர்காலம் வருவதால். எதிர்மறை ஒன்றோடு நிற்காது. ‘யாருக்கும் ஒன்றும் தெரியாது’ என்பதில் மூன்று சொல்லும் எதிர்மறையாக இருந்தால்தான் போலிஷ் சரி. “நோபடி டஸ் நாட் நோ நத்திங்” என்று யாராவது எழுதினால் இரண்டு எதிர்மறை சேர்ந்து உடன்பாடாகிறதா என்று கணக்குப் போட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவ்வளவே. வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடும் என்பதால் எழுவாயை விழுங்குவதும் உண்டு: “இஸ் கோல்ட் டுடே.”

முன்னிடைச் சொற்களில் ‘நா’ என்ற ஒன்றுதான் பாதிக் குற்றவாளி. மேலே, மீது, க்கு, ஆக என்று அது பார்க்காத வேலை இல்லை. மருந்துக் கடையில் “டு யூ ஹேவ் சம்திங் ஆன் ஹெட்ஏக்?” என்று கேட்பதும், “ஐ ஸ்டடி ஆன் யுனிவர்சிட்டி” என்று சொல்வதும் அதன் கைங்கரியம். ‘டிபெண்ட்ஸ் ஃப்ரம்’, ‘மேரிட் வித்’, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ எல்லாம் இதே வகை. படித்தால் புரியும், விட்டுவிடலாம்.

எழுத்தில் மட்டும் தெரியும் சில அடையாளங்கள் எனக்குப் பிடித்தவை. போலிஷில் துணை வாக்கியத்துக்கு முன்னால் காற்புள்ளி கட்டாயம். அதனால் “ஐ திங்க், தட்” என்று திங்க்குக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி உட்கார்ந்திருந்தால் எழுதியவர் போலந்துக்காரராகவோ ஜெர்மானியராகவோ இருக்க நிறைய வாய்ப்பு. கிழமையும் மாதமும் அவர்கள் மொழியில் சின்ன எழுத்தில்தான் தொடங்கும், ஆங்கிலத்திலும் அப்படியே வந்துவிடும். ஆனால் கடிதத்தில் எதிரில் இருப்பவரைக் குறிக்கும் சொல்லை மரியாதைக்காகப் பெரிய எழுத்தில் எழுதுவது அவர்கள் வழக்கம். ஆங்கில மெயிலிலும் வாக்கியத்தின் நடுவே ‘யூ’ பெரிய எழுத்தோடு நிமிர்ந்து நிற்கும். பத்தாயிரம் மெயில்களுக்கு நடுவே அதைக் கண்டால் நான் திருத்தாமல் விட்டுவிடுவேன். நம் ‘நீங்கள்’ அது.

மரியாதை என்றதும் உங்கள் கோபக் கேள்விக்கு வருகிறேன். வார்சாவில் 1938இல் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா, போலிஷையும் ஆங்கிலத்தையும் இந்தக் கோணத்தில் ஒப்பிட்டு 1985இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அதைக் கேள்வியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், ‘குட் யூ’, ‘உட் யூ மைண்ட்’ என்று. போலிஷில் ஏவல் வினையையே நேரடியாகப் போடலாம், அது முரட்டுத்தனம் ஆகாது. ‘இதை அனுப்புங்க’ என்று நீங்கள் சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்களா? அந்த ‘ங்க’வில் இருக்கும் மரியாதை போலிஷிலும் இருக்கிறது. ஒருவரை ‘பான்’, ‘பானி’ என்று ஐயா, அம்மா போல விளித்துப் படர்க்கையில் பேசுவார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது அது கழன்று விழுந்து, “ப்ளீஸ் செண்ட் மீ” என்ற எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. போன மரியாதையை ஈடுகட்டச் சிலர் முதல் பெயரோடு மிஸ்டர் சேர்த்து ‘மிஸ்டர் பியோத்தர்’ என்று எழுதுவார்கள். ஆங்கிலேயர்களுக்கு இது விசித்திரம். அப்பா பெயரை எழுத்தாக்கி முன்னால் வைத்துக்கொள்ளும் நமக்கு இதில் ஒரு தவறும் தெரியாது.

‘ப்ளீஸ்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலிஷின் ‘ப்ரோஷெ’ என்ற சொல் தயவுசெய்து, இந்தாங்க, பரவாயில்லைங்க, உள்ளே வாங்க, என்ன சொன்னீங்க என்று ஐந்து வேடம் கட்டும். ஆங்கிலம் பேசும் கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டி “ப்ளீஸ்” என்பார். என்ன கெஞ்சுகிறார் என்று பார்க்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஜென்குயெ’, அதாவது நன்றி, இன்னும் வம்பு. சாப்பாட்டை நீட்டும்போது லேசாகத் தலையாட்டி ஜென்குயெ என்று மட்டும் சொன்னால் ‘வேண்டாம், போதும்’ என்று பொருள். லண்டனிலிருந்து வந்த ஒரு மேலாளர் விருந்து கொடுத்தார். என் பக்கத்தில் இருந்த தோழியிடம் கேக் தட்டை நீட்டினார். “தேங்க் யூ” என்றார் தோழி. மேலாளர் ஒரு துண்டு வைத்தார். சங்கடத்தில் தோழி அதையும் தின்றார். மறுபடி தட்டு வந்தது, மறுபடி “தேங்க் யூ”. மூன்றாம் துண்டில்தான் நான் குறுக்கே விழுந்தேன். ஓட்டலில் பணம் கொடுக்கும்போது நீங்கள் ஜென்குயெ சொன்னால் மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னதாக ஆகிவிடும். இது என் பர்ஸ் சொன்ன பாடம்.

நேரம் குறிக்கும்போதும் கவனம். ஏழரை என்பதை அவர்கள் ‘எட்டை நோக்கிப் பாதி’ என்பார்கள். பிரிட்டிஷ்காரர் பேச்சில் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் எட்டரை. இருவரும் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் எய்ட்’ என்று ஒப்புக்கொண்டு, ஒருவர் மற்றவருக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எண்ணில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

உச்சரிப்புக்கு அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். வ்ரோட்ஸ்வாஃப் என்பதை அவர்கள் எழுதும்போது முதல் எழுத்து ஆங்கில ‘டபிள்யூ’. கடைசி எழுத்தும் அதுவே. முதலில் பல்லும் உதடும் சேரும் ‘வி’ ஒலி, கடைசியில் ‘எஃப்’ ஒலி. உதடு குவித்துச் சொல்லும் உண்மையான ‘டபிள்யூ’ ஒலி நடுவில், குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் கண் பழக்கத்தில் ‘வி’ வருவது இதனால்தான். சொல்லின் கடைசியில் அதிரும் மெய்கள் அதிர்வு இழப்பது போலிஷ் விதி. ஆங்கிலத்திலும் பையைக் குறிக்கும் சொல்லும் முதுகைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். இரண்டையும் வேறுபடுத்தி எழுதிக் காட்டலாமென்றால் தமிழில் இரண்டுமே ‘பேக்’, நான் என்ன செய்ய! சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுவது அவர்கள் வழக்கம் என்பதால் ‘கம்ஃபர்டபிள்’ மாதிரிச் சொற்கள் இடுப்பு ஒடிந்து வரும்.

காதில் விழாததும் ஒரு காரணம். 1989 வரை பள்ளிகளில் ரஷ்ய மொழிதான் கட்டாயம். டிவியில் வெளிநாட்டுப் படம் போட்டால் டப்பிங்கும் இல்லை, சப்டைட்டிலும் இல்லை. ‘லெக்தர்’ என்று ஒருவர், பெரும்பாலும் ஓர் ஆண், நாயகன் நாயகி குழந்தை எல்லாருக்கும் ஒரே உணர்ச்சியற்ற குரலில் வசனத்தை வாசிப்பார். பின்னணியில் ஆங்கிலம் முனகலாகக் கேட்கும். அப்படி வளர்ந்தவர்கள், போலந்து 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் லட்சக்கணக்கில் போய், வேலை செய்தபடியே மொழியைப் பிடித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அதிகம் பேர் முதன்மை மொழியாகச் சொன்னது போலிஷ், சுமார் 5.46 லட்சம் பேர்.

தடுக்கி விழுந்தது அவர்கள் மட்டுமில்லை. அயர்லாந்து போலீஸ் பதிவேட்டில் ‘பிராவோ யாஸ்டி’ என்ற ஓட்டுநர் மேல் ஐம்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் வேறு முகவரி. யாரடா இந்தப் பலே ஆள் என்று 2007இல் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஆள் பெயரே இல்லை. போலந்து லைசென்ஸ் அட்டையின் மூலையில் அச்சாகியிருக்கும் ‘ஓட்டுநர் உரிமம்’ என்ற சொல். 2009இல் இதற்காக அந்தப் போலீசுக்கு, நோபலைக் கிண்டல் செய்து கொடுக்கும் இக்நோபல் பரிசு, அதுவும் இலக்கியத்துக்கு!

ஒரு எச்சரிக்கை: சில ‘தவறுகள்’ வேண்டுமென்றே செய்யும் கிண்டல். மெயிலின் கடைசியில் “தேங்க் யூ ஃப்ரம் தி மவுண்டன்” என்று இருந்தால் திருத்தாதீர்கள். ‘முன்கூட்டியே நன்றி’ என்பதற்கான போலிஷ் தொடரைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘மலையிலிருந்து’ என்றும் வரும். அது அவர்களுக்கே தெரியும். உங்களை நண்பராக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் திருத்துவது? ‘அன்டில்’, ‘ஈவென்சுவல்’, ‘ஆக்சுவல்’, ‘கன்ட்ரோல்’, நேரம் இவை ஐந்தையும் உடனே, தயங்காமல் திருத்துங்கள், பணமும் நாளும் போகிற இடம் அது. வெளியே அச்சுக்குப் போகும் ஆவணமென்றால் ‘அ’, ‘தி’. மற்றதெல்லாம் அவர்களாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மெயிலுக்கு, லேட்டஸ்ட் வெர்ஷனை வியாழன் மாலைக்குள் அனுப்புகிறேன் என்று ‘பை’ போட்டுப் பதில் எழுதுங்கள். பிறகு போனில் பேசும்போது, நீங்கள் சொல்லச் சொல்ல அவர் பக்கத்திலிருந்து “நொ… நொ… நொ…” என்று கேட்கும். பதறிப்போய் நிறுத்திவிடாதீர்கள். போலிஷில் ‘நொ’ என்றால் ‘ம்… ஆமா’.